ஈறின் நிறம்

கொல்லிமலையில் உள்ள ஓர் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் நான் ஆசிரியை. செம்மேட்டுக்குப் பக்கத்தில் வாடகை வீடு. வீட்டுக்குப் பின்னால் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும், கீழே காப்பிச் செடிகள். அதைத் தாண்டினால் சாமை விதைக்கிற மேட்டு நிலம், அதற்கும் அப்பால் வனம். தோட்டம் எங்கே முடிந்து காடு எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாத இடம் இது. செவலை இங்கேதான் என்னிடம் வந்து சேர்ந்தான். நாட்டு நாய். குட்டியிலேயே பள்ளிச் சமையலறை வாசலில் வந்து நின்றவன், அங்கிருந்து என் பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டான்.

பள்ளி விட்டதும் நாங்கள் இருவரும் நடப்போம். தோட்டத்து ஓரமாக, ஓடையைத் தாண்டி, உண்ணிச்செடிப் புதர்களுக்கு நடுவே ஆடுமாடு நடந்து உண்டான தடத்தில் போவோம். நான் தடத்தில் போவேன், அவன் புதருக்குள் போவான். தனியாக வந்து வேலை பார்க்கும் எனக்கு அந்த ஒரு மணி நேரம்தான் அன்றைய நாளின் நல்ல பகுதி. கீழ்நாட்டிலிருந்து பார்க்க வரும் சொந்தக்காரர்கள் எல்லாரும் பாம்பைப் பற்றித்தான் கேட்பார்கள். நானும் பாம்புக்குத்தான் பயந்தேன், கையில் கோலும் டார்ச்சும் இல்லாமல் போனதே இல்லை.

ஒரு கார்த்திகை மாதம், மழை ஓய்ந்த நேரம், செவலை சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் படுத்தான். சாமைச் சோற்றில் கருவாட்டுத் தண்ணீரை ஊற்றி வைத்தால் தட்டை நக்கித் தேய்க்கிறவன். உடம்பைத் தொட்டுப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தது. ஆனால் நாயின் உடம்பு எப்போதும் நம் கைக்குச் சூடாகத்தான் தெரியும். நமக்குக் காய்ச்சல் என்று சொல்லும் 101 டிகிரி ஃபாரன்ஹீட் அதற்கு இயல்பான வெப்பம். 102.5 வரைக்கும் கவலைப்பட வேண்டியதில்லை. கையை வைத்துப் பார்த்து நாய்க்குக் காய்ச்சல் என்றோ இல்லை என்றோ சொல்லவே முடியாது என்பது அன்று எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் அவன் வாசல் படியிறங்கவே தடுமாறினான். வேலியோரம் அவன் பெய்த சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் இருந்தது. பக்கத்துக் காட்டுப் பெரியவர் வாழைத்தாரோடு அந்த வழியே வந்தார். தாரை இறக்கி வைத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்து, செவலையின் மேலுதட்டைக் கட்டைவிரலால் தூக்கினார்.

"ஈறு வெளுத்துப் போச்சுங்க டீச்சர். ரத்தமே இல்ல. உண்ணி குடிச்சுருச்சு. இன்னைக்கே கீழ கொண்டு போயிருங்க."

செவலையின் ஈறு எந்த நிறத்தில் இருக்கும் என்று அதுவரை நான் பார்த்ததில்லை. அவன் குரைப்பில் எது பன்றிக்கு, எது ஆளுக்கு என்று எனக்குத் தெரியும். அவன் எந்த இடத்தில் சொறிந்தால் கண்ணை மூடுவான் என்பதும் தெரியும். ஆனால் ஈறு வெளுத்திருக்கிறது என்று அவர் சொன்னபோது, வெளுக்காத ஈறு எப்படி இருக்கும் என்று என் நினைவில் எதுவும் இல்லை.

மலையிலிருந்து காரவள்ளிக்கு இறங்கும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை இருக்கும். சுற்றுலா வருகிறவர்கள் அவற்றை உற்சாகமாக எண்ணிக்கொண்டே ஏறுவார்கள். காய்கறி ஏற்றிப் போகும் ஒரு பிக்கப் வண்டியில், மடியில் நாயை வைத்துக்கொண்டு இறங்கியபோது அந்தப் பலகைகள் எனக்கு வேறுவிதமாக இருந்தன. காரவள்ளியிலிருந்து சேந்தமங்கலம், பிறகு நாமக்கல். மலையில் ஒரு ஊசியோ மாத்திரையோ கிடைத்துவிடும். ரத்தத்தைச் சோதித்து என்ன நோய் என்று சொல்ல வேண்டுமானால் எனக்கு நாமக்கல்தான்.

நாமக்கல்லில் இருப்பது கால்நடை மருத்துவக் கல்லூரி. சென்னைக் கல்லூரி 1903இல் தொடங்கியது. தமிழகத்தின் இரண்டாவதான இது 1985இல் வந்தது. நாமக்கல் என்றால் கோழியும் முட்டையும்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். மலையடிவாரத்தில் இப்படியொரு கல்லூரி இருப்பது எங்களைப் போன்றவர்களுக்கு எத்தனை பெரிய பேறு என்பது, சாகக் கிடக்கும் ஒரு பிராணியோடு அந்த வாசலில் போய் நின்றவர்களுக்குத் தெரியும்.

காது நுனியில் ஒரு குத்து. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தார்கள். இளம் மருத்துவர் ஒருவர் பார்த்து முடித்துவிட்டு, நான் ஆசிரியை என்று தெரிந்ததும் என்னையும் பார்க்கச் சொன்னார். வெளிர்சிவப்பு வட்டங்கள் நிறைய. அவற்றில் சிலவற்றின் உள்ளே ஊதா நிறத்தில் சின்னஞ்சிறு வளையங்கள். பேபீசியா கிப்சோனி என்றார். உண்ணி கடிக்கும்போது அதன் எச்சிலோடு நாயின் ரத்தத்துக்குள் போகும் ஒட்டுண்ணி. சிவப்பணுவுக்குள் நுழைந்து பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியேறி அடுத்த அணுவுக்குள் போகும். போதாததற்கு நாயின் சொந்த எதிர்ப்பு சக்தியே குழம்பிப் போய், மிச்சமிருக்கும் சிவப்பணுக்களையும் அழிக்கத் தொடங்கிவிடும். உடைந்த அணுக்களின் நிறம்தான் வேலியோரம் நான் கண்டது.

இந்தக் கிருமிக்கும் நம் ஊருக்கும் பழைய உறவு உண்டு என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். டபிள்யூ. எஸ். பேட்டன் என்ற ஆய்வாளர் 1910இல் இதை முதன்முதலில் விவரித்தது சென்னை நாய்களை வைத்துத்தான். ஆங்கிலேயர்கள் சென்னையில் வேட்டைக்காக வளர்த்த நாய்க் கூட்டத்தின் ரத்தத்தில் கண்டார், பிறகு நரியின் ரத்தத்திலும் அதையே கண்டார். வேட்டை நாயும் நரியும் ஒரே புல்லில் நடந்து, ஒரே உண்ணிக்கு ரத்தம் கொடுத்திருக்கின்றன. நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நிலைமை அதேதான்.

செவலைக்கு மருந்து மட்டும் போதாது, ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். "திடமான, பெரிய நாய் யார்கிட்டயாவது இருக்குதாம்மா?" என்று கேட்டார் மருத்துவர். சேந்தமங்கலத்தில் என் தம்பி ராஜபாளையம் ஒன்று வளர்க்கிறான். போன் செய்ததும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். கொடுக்கிற நாயின் ரத்தத்தையும் முதலில் சோதித்தார்கள், அதனுள்ளும் இதே கிருமி இருந்துவிடக் கூடாதல்லவா. வெள்ளை வெளேரென்று உயரமாக நின்ற அந்த நாய், கழுத்தில் ஊசி ஏறியபோதும் தம்பியின் கையில் மூக்கை வைத்தபடி அசையாமல் படுத்திருந்தது. அந்த ரத்தம் மெல்ல மெல்லச் செவலைக்குள் இறங்கியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சாயங்காலம் மருத்துவர் அவன் உதட்டைத் தூக்கிக் காட்டினார். ஈறில் லேசாக ஒரு ரோஜா நிறம் வந்திருந்தது. அந்த நிறத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

அன்று அவர் சொல்லிக் கொடுத்ததைத்தான் இன்று என் மாணவர்களுக்கும் சொல்லிக் கொடுக்கிறேன். நாயின் ஈறை விரலால் அழுத்தினால் வெளுக்கும். விரலை எடுத்ததும் இரண்டு விநாடிக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். தாமதமானாலோ, அழுத்துவதற்கு முன்பே வெளுத்தோ மஞ்சளாகவோ இருந்தாலோ காத்திருக்கக் கூடாது. சில நாய்களுக்குப் பிறவியிலேயே ஈறு கறுப்பாக இருக்கும். அதற்குக் கீழிமையை இறக்கி உட்பக்கம் பார்க்க வேண்டும். நல்லாயிருக்கும் நாளில் பார்த்துப் பழகினால்தான் நோய் வந்த நாளில் வித்தியாசம் தெரியும். இதற்குக் காசும் கருவியும் வேண்டாம்.

உண்ணி கொண்டுவருவது பேபீசியா ஒன்றை மட்டுமல்ல. எர்லிக்கியா என்ற பாக்டீரியா வெள்ளையணுக்களில் குடியேறும், தட்டணுக்கள் குறைந்து மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகும். வியட்நாம் போரின்போது அமெரிக்க ராணுவத்தின் நூற்றுக்கணக்கான நாய்களைக் கொன்றது இதுதான். குண்டுக்கும் கண்ணிவெடிக்கும் பழக்கிய நாய்கள் உண்ணிக் கடியில் போயின. இந்நோய்க்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளின் மாத்திரைதான் நம் மலைகளில் மனிதருக்கு வரும் உண்ணிக் காய்ச்சலுக்கும் மருந்து. வேறு கிருமி, அதைக் கொண்டுவருவதும் வேறு பூச்சி, ஆனால் அதே புதர், அதே நடைபாதை. அதனால் மாலையில் வீடு திரும்பியதும் செவலையைச் சோதிக்கிற கையோடு என் கால்களையும் இடுப்பையும் சோதித்துக்கொள்கிறேன்.

உண்ணி பறக்காது, குதிக்காது. புல் நுனியில் ஏறி முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு காத்திருக்கும். நெருங்கி வரும் உடம்பின் சூட்டையும் மூச்சுக் காற்றையும் அறிந்து, உரசிப் போகிறவர் மேல் ஏறிக்கொள்ளும். உணவில்லாமல் மாதக்கணக்கில் அப்படியே இருக்க அதனால் முடியும். வயிறு நிறைந்த பெண் உண்ணி ஆமணக்கு விதை போலப் பருத்துக் கீழே விழுந்து சில ஆயிரம் முட்டைகள் இடும். நாய்களிடம் மிகுதியாகக் காணும் பழுப்பு உண்ணிக்குக் காடு கூட வேண்டியதில்லை. சுவர் இடுக்கும் கட்டிலடியும் போதும், வீட்டுக்குள்ளேயே தலைமுறை நடத்தும். எனவே நாய்க்கு மருந்து போட்டுவிட்டு அது படுக்கும் சாக்கை அப்படியே விட்டால் பயனில்லை. மாட்டிலும் ஆட்டிலும் ஒட்டும் சில வகைகள் நாய்க்கும் தாவும். மேய்ச்சல் தடத்தில் நடக்கும்போது இது நினைவில் இருக்க வேண்டும்.

"காட்டுக்குப் போன நாயை வாசல்லயே தடவிப் பாத்துட்டுத்தான் உள்ள விடோணும்" என்பார் பெரியவர். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். கண்ணால் பார்த்தால் தெரியாது, விரல்தான் கண்டுபிடிக்கும். காது மடலின் உட்புறம், கழுத்துப்பட்டைக்கு அடியில், அக்குள், தொடையிடுக்கு, வாலடி, கடைசியாகக் கால்விரல்களின் இடை. அகப்பட்டால் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக, நிதானமாக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் ஊதுபத்தியால் சுடுவதும் வேண்டாம். துன்புறுத்தப்படும் உண்ணி தன் வயிற்றிலிருப்பதைக் கடிவாயில் கக்கிவிடக்கூடும் என்பது மருத்துவர்கள் சொல்லும் காரணம். கையால் நசுக்கவும் கூடாது. எடுத்ததைச் சோப்புத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ போட்டுவிடலாம்.

உண்ணியைத் தடுக்கும் மாத்திரைகள் இப்போது வந்திருக்கின்றன. ஃப்ளூராலனர் என்ற மருந்து ஒருமுறை கொடுத்தால் ஏறத்தாழ 12 வாரம் காக்கும். எனக்கு அரசுச் சம்பளம் வருகிறது, வாங்கிக் கொடுக்கிறேன். என் பெரியவரால் முடியாது. ஒரு மாத்திரையின் விலை இந்த மலையில் ஒருநாள் கூலியைத் தாண்டும். மரவள்ளியையும் சாமையையும் காட்டுப்பன்றியிடமிருந்து இரவெல்லாம் காப்பது இங்கே நாய்கள்தான். மாடு நோய்ப்பட்டால் நஷ்டம் என்று எல்லாருக்கும் புரிகிறது. நாய் செத்தால் அந்த வருஷத்து வெள்ளாமையில் பாதி போகும் என்பது இங்குள்ள மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களுக்கு மட்டுமே தெரிந்திருக்கிறது. வெறிநாய்க்கடித் தடுப்பூசியோடு உண்ணி மருந்தும் மலைக்கிராமத்து நாய்களுக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். காசில்லாதவர்கள் பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் கரைத்து நாயைக் குளிப்பாட்டிவிடுகிறார்கள். நாய் உடம்பை நக்கும், விஷம் உள்ளே போகும். காய்ச்சலுக்கு நாம் சாப்பிடும் மாத்திரையைக் கொடுப்பதும் இப்படித்தான். இபுபுரூபன், டைக்ளோஃபினாக் போன்ற வலிமாத்திரைகள் நாயின் குடலைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

செவலை தேறிய பிறகு மற்ற ஆபத்துகளையும் கவனிக்கத் தொடங்கினேன். ஊசிப்புல் காய்ந்து விதை உதிரும் காலத்தில் அவனைப் புல்மேட்டில் விடுவதில்லை. அந்த விதைக்கு முறுக்கிய வால் உண்டு, ஈரம் பட்டால் சுழன்று தோலைத் துளைத்து உள்ளே போகும். காதுக்குள் போனால் நாய் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும், விரலிடையில் ஏறினால் சீழ் வைக்கும். தேங்கிய தண்ணீரைக் குடிக்க விடுவதில்லை. எலியும் பன்றியும் சிறுநீர் கழித்த நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும், நாய்க்கு வந்தால் அது வீட்டிலுள்ளவர்களுக்கும் பரவும். இதற்கு ஆண்டுதோறும் போடும் தடுப்பூசி உண்டு.

பாம்பைப் பற்றிய என் பழைய பயமும் பொய்யில்லை. மோப்பம் பிடித்துக்கொண்டு போகிற நாய்க்கு மூக்கிலும் முன்னங்காலிலும்தான் கடி விழும். மனிதருக்குப் போடும் விஷமுறிவு மருந்தே அதற்கும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் விஷத்தையும் முறிக்கும் அந்த மருந்துக்கான விஷத்தைப் பல காலமாகத் தருகிறவர்கள் இருளர்கள். மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய அவர்களுடைய கூட்டுறவுச் சங்கத்தில் பாம்பைக் கொல்லாமல் விஷமெடுத்துத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். ஆனால் மூங்கில் விரியன் போன்ற குழிவிரியன்களின் கடிக்கு இந்த மருந்து பயன்படாது. எந்தக் கடியானாலும் இறுக்கிக் கட்டாமல், கீறிவிடாமல், நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு கீழே இறங்குவதுதான் செய்யக்கூடியது.

எல்லாவற்றிலும் கொடியது மனிதன் வைப்பது. காட்டுப்பன்றிக்காக உணவுப் பண்டத்துக்குள் வெடிமருந்தைப் பொதிந்து வைக்கும் அவுட்டுக்காய், தமிழகத்தின் மலையோரங்களில் யானைகளின் வாயைக் கிழித்திருக்கிறது. நாய் கடித்தால் தாடையே மிஞ்சாது. சட்டப்படி குற்றம். இருந்தும் நிற்கவில்லை. முன்பின் தெரியாத காட்டில் கீழே கிடக்கும் எதையும் நாய் வாயில் வைக்க விடாதீர்கள் என்று மட்டும் சொல்வேன். இதைப் பற்றி அதற்கு மேல் எழுத மனம் வரவில்லை.

இவ்வளவும் காடு நாய்க்குச் செய்வது. நாய் காட்டுக்குச் செய்வதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. அது எனக்குப் புரிந்தது பேட்டனின் நரியால்தான். 1994இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் ஏறத்தாழ 1,000 சிங்கங்கள், அங்கிருந்தவற்றில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, கெனைன் டிஸ்டெம்பர் வைரஸால் மடிந்தன. சுற்றியிருந்த ஊர்களின் நாய்களிடமிருந்து அது பரவியதாக ஆய்வாளர்கள் கருதினார்கள். 2018 செப்டம்பர், அக்டோபரில் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் 20க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோதும் அதே வைரஸைக் கண்டார்கள். கொல்லிமலையில் சிங்கம் இல்லை. நரியும் கீரியும் மரநாயும் இருக்கின்றன. அவை செத்தால் யாரும் கணக்கெடுப்பதில்லை. தடுப்பூசி போடாத ஒரு நாயின் மூக்குச் சளி போதும், இங்குள்ள குட்டிகளையும் காட்டுயிர்களையும் வாரிக்கொண்டு போக.

விடுமுறை நாட்களில் ஆகாய கங்கை அருவிக்கும் சீக்குப்பாறைக்கும் சென்னை, பெங்களூரு பதிவெண் வண்டிகளில் லாப்ரடார்களும் ஹஸ்கிகளும் வந்து இறங்குவதைப் பார்க்கிறேன். அவற்றின் சந்தோஷத்தைப் பார்க்க எனக்கும் சந்தோஷம்தான். கூட வருகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வெறிநோய், டிஸ்டெம்பர், பார்வோ, எலிக்காய்ச்சல் தடுப்பூசிகள் முடிந்து, உண்ணி மருந்து கொடுத்த பிறகு கூட்டி வாருங்கள். நடைபாதையில் கயிற்றைக் கையிலேயே வைத்திருங்கள். குடிக்கத் தண்ணீர் வீட்டிலிருந்து கொண்டு வாருங்கள். அறைக்குத் திரும்பியதும் காதிலிருந்து கால்விரல் வரை தடவிப் பாருங்கள். ஊருக்குப் போய் மூன்று நான்கு வாரம் வரைக்கும் சாப்பாடு குறைகிறதா, சிறுநீர் கறுக்கிறதா என்று கவனியுங்கள். சந்தேகம் வந்தால், மலைக்குப் போய்வந்தோம், ரத்தப் பூச்சு பாருங்கள் என்று மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். புறப்படும் நாளன்று காலையில் நாயின் உதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தை ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.